முனிராஜ் பதித்த குழாய்

பாகலூரில் முனிராஜ் என்றால், "நெட் குடுக்கிற முனிராஜா?" என்றுதான் கேட்பார்கள். வீடுகளுக்கு இன்டர்நெட் இணைப்பு கொடுப்பது அவன் பிழைப்பு. முதலில் கம்பத்துக்குக் கம்பம் ஒயரைத் தொங்கவிட்டுத்தான் ஓட்டினான். வைக்கோல் லாரி போனால் அறுந்தது, பலமாகக் காற்றடித்தால் அறுந்தது. வெறுத்துப்போய், மண்ணுக்கடியில் குழாய் பதித்து அதற்குள் ஃபைபரைக் கொண்டுபோவது என்று இறங்கினான்.

சாலையோரம் தோண்ட நடையாய் நடந்தும் அனுமதி கிடைக்கவில்லை. வரப்போரமாகப் போனான். தெலுங்கு பேசுகிறவர்களிடம் தெலுங்கு, கன்னடம் பேசுகிறவர்களிடம் கன்னடம் என்று வாய் வலிக்கப் பேசி ஒவ்வொருவரையும் சம்மதிக்க வைத்தான். ரோஜாத் தோட்டம் வைத்திருந்த பூவம்மாள் மட்டும் மசியவில்லை.

"இன்னிக்கு நீ தோண்டுவ. நாளைக்கு இன்னொருத்தன் வருவான். எஞ்செடிங்க என்னாவறது?"

"பெரிய பைப்பாவே போட்டுடறேங்க்கா. அப்புறம் நானே வந்தாக்கூட மம்புட்டி எடுத்தார மாட்டேன்."

சொன்னபடியே செய்தான். தேவைக்கு மேல் பெரிய குழாய். பின்னாளில் இன்னொரு ஃபைபர் இழுக்க வேண்டுமே என்று உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் விட்டு வைத்தான்.

அவனுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. ஓசூர் தொழிற்பேட்டைக்குள் நுழைய வேண்டும். அங்கே ஒரு பெரிய கம்பெனி குழாய் பதித்துவிட்டு, சின்ன ஆட்களை அண்டவே விடவில்லை. முனிராஜ் தன்னைப் போன்றவர்களைத் திரட்டி அரசுக்கு மனுமேல் மனு போட்டான். கூட்டத்தில் அவன் குரல்தான் ஓங்கி ஒலித்தது. "மண்ணு எல்லாருக்கும் பொதுதானே சார்? பைப்புல எங்களுக்கும் வழி விடச் சொல்லுங்க!"

ஒருவழியாக ஆணை வந்தது. இடமிருந்தால், குழாய் வைத்திருப்பவர் யாரானாலும் மற்றவர்களுக்கும் வழிவிட வேண்டும். முனிராஜ் தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தான். யாரானாலும் என்றால் தானும்தான் என்பது அந்த மண்டையில் ஏறவில்லை.

கம்பெனிக்குப் போனான். அனிதா என்ற அதிகாரி சிரித்த முகமாகவே சொன்னாள். "எங்க பைப் ஃபுல் சார். எடமிருந்தாத்தானே தர முடியும்?" அடுத்த வாரம் அவளே போன் செய்தாள். "பாகலூர்ல உங்க பைப்ல நெறைய எடம் இருக்காமே சார்?"

முனிராஜ் கத்திப் பார்த்தான், ஆணை போட்ட ஆபீசுக்கு ஓடிப் பார்த்தான். அவன் கேட்டு வாங்கிய ஆணையையே அவனிடம் நீட்டினார்கள். கம்பெனி ஆட்கள் வந்து, அவன் விட்டுவைத்த கயிற்றிலேயே தங்கள் ஃபைபரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு ரோஜாச் செடிகூடச் சாயவில்லை. சண்டை போட அந்தச் சாக்குகூடக் கிடைக்கவில்லை.

மூன்று மாதம் இலவசம் என்றார்கள். வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். பூவம்மாள் தெருவை மட்டும் முனிராஜ் மலைபோல் நம்பியிருந்தான். அக்கா விட்டுக்கொடுக்க மாட்டாள், அந்தத் தெருவும் அவள் பேச்சைத் தட்டாது. திடீரென்று ஒருநாள் அந்தத் தெரு மொத்தமும் அவன் லைனில் இல்லை. ஃபைபர் அறுந்துவிட்டது என்று பதறி ஓடினான்.

பூவம்மாள் வீட்டுச் சுவரில் கம்பெனியின் புதுப்பெட்டி மினுக்கிக்கொண்டிருந்தது.

"என்னாக்கா இது?"

"அந்தப் பசங்க வந்து மாட்டிட்டுப் போனாங்கப்பா. ஒங்க தோட்டத்துப் பைப்புலதான் வருதுன்னாங்க. எந்தோட்டத்துப் பைப்புன்னா அது நீதானே? தெருவுக்கெல்லாம் நாந்தான் சொன்னேன், நம்ம முனிராஜுதான் ஆளனுப்பிருக்கான், தைரியமா மாத்திக்கங்கன்னு."

பூவம்மாள் காப்பி கொண்டுவந்து நீட்டினாள்.

"ஏம்ப்பா மூஞ்சி இப்பிடி இருக்குது? லைனு முன்னைக்கு இப்ப நல்லாவே வருதே!"