செத்த வீட்டுக்கு வந்த பந்துவீச்சாளன்

தம்பி இறந்த பிறகு என்னைச் சந்திக்கிறவர்கள் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பார்கள். அடுத்த வார்த்தை தம்பியின் சிநேகிதனைப் பற்றியதாக இருக்கும். "ஆள் நேரில எப்பிடி? தலைக்கனமோ?" வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் மாடிக் குடியிருப்பின் லிஃப்டிலும் கேட்டார்கள். அலுவலகத்தில் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துக்கொண்டே கேட்டார்கள். துக்கம் விசாரிக்க வந்த ஒரு பெண்மணி என் கையைப் பிடித்து அழுதுகொண்டே கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் தேத்தண்ணீர் கொடுக்காமலே அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஆள் என்று அவர்கள் சொல்வது இலங்கை அணிக்குப் பந்துவீசும் ஒருவனை. பெயரைச் சொல்லப்போவதில்லை. ஊருக்கெல்லாம் அவர், எனக்கு அவன். எங்கள் குசினியில் நின்றபடியே தட்டை ஏந்திப் பிட்டுச் சாப்பிட்டவனை அவர் என்று எழுதக் கை வரவில்லை.

கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கைக்குள், ஒடுங்கிய சந்து அது, எங்கள் அம்மாவின் வீடு இருக்கிறது. கலியாணம் கட்டி நான் வெள்ளவத்தைக்குப் போனேன். கலியாணமே வேண்டாம் என்று தம்பி அம்மாவோடு தங்கினான். அவனும் அந்தப் பந்துவீச்சாளனும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே அணி. ஆளுக்கொரு பக்கத்திலிருந்து பந்து போட்டவர்கள். சிங்களப் பிள்ளை என்றாலும் எங்கள் ஒழுங்கையில் விளையாடியே அரைகுறைத் தமிழ் பழகிவிட்டான். பிறகு அவன் நாட்டுக்கு விளையாடப் போனான், தம்பி துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு எடுத்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் கம்பனிக்கு வேலைக்குப் போனான். ஆனால் சிநேகிதம் விட்டுப்போகவில்லை. கொழும்பில் நிற்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு த்ரீவீலில் வந்து இறங்குவான்.

நேரில் எப்படி என்றால், இப்படித்தான். டிவியில் விக்கெட் விழுந்ததும் நரம்பு புடைக்கக் கத்துகிறவன், எங்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் திறப்பதற்கு அம்மாவிடம் அனுமதி கேட்பான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பான். கரப்பான் பூச்சிக்குப் பயம். கிரிக்கெட் பற்றி யாராவது வாய் திறந்தால் பேச்சை மாற்றி, அம்மாவின் முழங்கால் வலி எப்படி என்று விசாரிப்பான்.

தம்பி அவனோடு எடுத்த ஒரு படத்தையும் எங்கும் போட்டதில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "இங்க மட்டுந்தான் அவன் முன்னுக்கு ஒருத்தரும் போன் தூக்கிறதில்ல அக்கா. அதக் கெடுக்கச் சொல்றியா?" என்றான். தம்பி உயிரோடு இருக்கும் வரை நானும் கெடுக்கவில்லை.

ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று கட்டிலில் உட்கார்ந்தவன் எழும்பவில்லை. முப்பத்தாறு வயது. உடலை வீட்டின் முன் அறையில் வைத்திருந்தோம். ஒழுங்கை முழுக்க வெள்ளைக்கொடி கட்டினார்கள். ஒழுங்கை முகப்பில் அனுதாபப் பதாகை போட வேண்டும், நல்ல படம் ஒன்று தாருங்கள் என்று தம்பியின் கூட்டாளிகள் என்னிடம் கேட்டார்கள். அடையாள அட்டைக்கு எடுத்த படம் இருந்தது, ஒரு கலியாண வீட்டில் எடுத்ததும் இருந்தது. நான் எடுத்துக் கொடுத்தது, பள்ளி அணியின் வெள்ளை உடுப்பில் அவர்கள் இருவரும் தோளில் கை போட்டு நிற்கும் படத்தை. தம்பி வாய்விட்டுச் சிரிக்கிற படம் அது ஒன்றுதான் என்று எல்லாரிடமும் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் தெருவால் போகிறவர்கள் என் தம்பி யாருடைய சிநேகிதன் என்று பார்க்கட்டும் என்ற எண்ணமும் எனக்குள் இருந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

பதாகை அச்சாகி வந்தபோது அவனுடைய முகம் தம்பியின் முகத்தைவிடப் பெரிதாக இருந்தது. செத்தது யார் என்று தெருவில் போகிறவர் குழம்பிப்போயிருப்பார். அம்மாவுக்கு யாரோ போனில் காட்டிவிட்டார்கள். "உசிரோட இருக்கிற புள்ளயின்ட படத்த ஏன்டி வெள்ளக்கொடிக்குக் கீழ தொங்கவிட்டீங்க?" என்று கேட்டார். மாற்ற நேரமில்லை என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பதாகையை யாரோ படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டு, 'அடக்கத்துக்கு வருவாரா?' என்று எழுதியிருக்கிறார்கள். அடக்கத்தன்று மத்தியானத்திலிருந்தே ஒழுங்கை நிரம்பத் தொடங்கியது. இத்தனை பேருக்குத் தம்பியைத் தெரியுமா என்று முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. வந்தவர்கள் பெட்டிப் பக்கம் தலையைக் காட்டிவிட்டு, சோடாவை வாங்கிக்கொண்டு, தெருவைப் பார்த்துக் கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தபோதுதான் விஷயம் விளங்கியது. கிராண்ட்பாஸிலிருந்து வந்த ஒருவர் கையெழுத்து வாங்குவதற்கு மட்டையே கொண்டுவந்திருந்தார். செத்த வீட்டுக்கு மட்டையோடு வந்த மனிதரை அன்றுதான் கண்டேன்.

அவன் வெளிநாட்டில் ஒரு தொடரில் இருந்தான். அனுமதி வாங்கிக்கொண்டு, விமான நிலையத்திலிருந்து நேரே வந்தான். ஃபாதர் வந்து ஜெபம் தொடங்கியிருந்த நேரம் ஒழுங்கை முகப்பில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கதிரைகள் எல்லாம் ஒன்றாக இழுபட்டன. பெட்டியைச் சுற்றி நின்ற சிலரும் மெல்ல நழுவினார்கள். ஜெபத்துக்குப் பதில் சொல்ல அம்மாவும் நானும் இன்னும் நாலைந்து கிழடுகளும்தான் மிஞ்சினோம்.

திறந்திருந்த கதவு வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது. வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கண் சிவந்திருந்தது. "பொட்டக் இன்ன மல்லி, பொட்டக் இன்ன" என்று, கொஞ்சம் பொறுக்கச் சொல்லிச் சிங்களத்தில் கெஞ்சிக்கொண்டே வந்தான். ஒருவரும் பொறுக்கவில்லை. தோளில் கையைப் போட்டு இழுத்தார்கள். போன் முன்னால் நீளும் ஒவ்வொரு தடவையும் அவன் வாய் விரிந்து சிரித்தது.

"என்ட புள்ள பெட்டிக்குள்ள கிடக்கு. அவன் சிரிக்கிறான் பாரு" என்றார் அம்மா.

அது சிரிப்பல்ல. வருடக்கணக்காகப் போனைக் கண்டதும் தானாக விரிந்து பழகிய வாய் அது. நாங்கள் இருமல் வந்தால் வாயைப் பொத்துவதைப்போல அவனுக்கு அது உடம்போடு ஊறிவிட்டது. தான் சிரிப்பது அவனுக்கே ஒரு கட்டத்தில் தெரிந்து, உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டான். அதையும் படம் எடுத்தார்கள்.

கடைசியாகப் பார்க்கிறவர்கள் பார்க்கலாம் என்று ஃபாதர் சொன்னார். எங்கள் அடக்கம் முடிந்ததும் மாதா கோயிலில் இன்னொரு பூசை இருந்ததால் அவரால் தாமதிக்க முடியவில்லை. எங்கள் வழக்கத்தில் அந்த நேரம்தான் பெரிது. வேண்டியவர்கள் ஒவ்வொருவராக வந்து முகத்தைப் பார்த்து, நெற்றியில் கை வைத்து, அல்லது முத்தம் கொடுத்து விடை சொல்வார்கள். அதற்குப் பிறகு பெட்டியைத் திறப்பதில்லை.

"போய் அவனக் கூட்டிட்டு வா. சிரிச்சாலும் பரவாயில்ல, அவன் பாக்காம மூடக் கூடாது" என்றார் அம்மா.

நான் போனேன். எங்கள் வீட்டு வாசல் கேற் ஓராள் நுழையக்கூடிய அகலம்தான். அவன் அதன் தூணோடு நெருக்குண்டு நின்றான். என்னைக் கண்டதும் "அக்கே" என்றான். அவன் அழுது நான் அன்றுதான் பார்த்தேன்.

"உள்ள வாடா. மூடப் போறாங்க."

அவன் திரும்பித் தனக்குப் பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தான். "நான் வந்தா இவங்க எல்லாம் வந்துருவாங்க அக்கே. அம்மாக்கு மேலயே விழுவாங்க. பெட்டிக்குள்ள போன் நீட்டிப் படம் எடுப்பாங்க. வேணாம். அவன அப்பிடி எடுக்க வேணாம்." என் வலது கையைப் பிடித்தான். "எனக்காக நீங்க நெத்தியில கை வைங்க. மூட முந்தி. வைப்பீங்களா?"

"வைக்கிறன்" என்றேன்.

உடனே திரும்பியிருந்தால் போதும். முற்றத்தைத் தாண்டினால் பெட்டி. ஆனால் பின்னாலிருந்து என் கணவரின் குரல் கேட்டது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கிரிக்கெட் என்பது வேலை வெட்டி இல்லாதவர்களின் விளையாட்டு என்று இருபது வருடமாக என் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தவர்.

"இஞ்சரும், கொஞ்சம் நில்லும்" என்று என்னிடம் சொன்னார். பிறகு போனை உயர்த்திக்கொண்டு அவனிடம், "தம்பி, நான் அவற்ற அத்தான். குடும்பத்தோட ஒண்டு. ஒண்டே ஒண்டு."

அவன் மறுக்கவில்லை. பழக்கத்தில் அரை அடி நகர்ந்து எனக்கு இடம் விட்டான். என் முகத்தை ஒருமுறை பார்த்தான். நான் அவரை ஏசியிருக்கலாம், அதற்கு எனக்கு வாய் இருக்கிறது. சும்மா உள்ளே போயிருந்தாலும் யாரும் தடுத்திருக்கமாட்டார்கள். நான் நின்றேன். நின்றதோடு விட்டேனா, இரண்டு நாளாக அழுது கசங்கிய சேலையின் தலைப்பை இழுத்துத் தோளில் ஒழுங்காகப் போட்டேன். கணவர் போனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இருட்டா விழுந்திட்டுது. இன்னொருக்கா."

இரண்டாவது படத்துக்கும் நின்றேன்.

அப்போதுதான் உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. மூடியை வைக்கும்போது ஒரு தாய் போடும் சத்தம் அது. நான் ஓடினேன். பெட்டி கொண்டுவந்த மலர்ச்சாலைக்காரர் மூடியின் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையை நிறுத்தி, திறக்கவா என்பதுபோலப் பார்த்தார். நல்ல மனிதர். ஃபாதர் அடுத்த ஜெபத்துக்குப் புத்தகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். திறக்கச் சொன்னால் ஏன் பிந்தினேன் என்று அம்மா கேட்பார். எல்லாருக்கும் முன்னால் அதற்குப் பதில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவர் மீதியையும் முறுக்கினார்.

ஊர்வலத்தில் அவன் வரவில்லை. தான் நடந்தால் அது தம்பியின் ஊர்வலமாக இருக்காது என்று சாரதியிடம் சொல்லி அனுப்பிவிட்டு, காரில் வேறு பாதையால் மயானத்துக்குப் போய்க் காத்திருந்திருக்கிறான். கார் புறப்பட்டதும் கூட்டத்தில் பெரும் பகுதி வீட்டுக்குப் போய்விட்டது. தம்பிக்குப் பின்னால் நடந்தது அவனை உண்மையாகத் தெரிந்தவர்கள்தான். என் கணவரும் நடந்தார், போனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு. அவர் மீது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் கூப்பிட்டார், நான் நின்றேன். இதில் யாரை ஏசுவது?

மயானத்தில் மழை தூறியது. மண் போட்டு முடியும் வரை அவன் தூரத்தில் ஒரு மரத்தடியில் நின்றான். அம்மா அவன் பக்கம் திரும்பாமலே வான் வண்டியில் ஏறினார். அவன் சிரித்தது சிரிப்பல்ல என்று நான் அம்மாவிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லப் பிறகு ஒரு மாதம் எடுத்தேன்.

எல்லாரும் நகர்ந்த பிறகு அவன் என்னிடம் வந்தான். போன் தூக்க அங்கே யாருமில்லை. முகம் எங்கள் குசினியில் நிற்கும் பிள்ளையின் முகமாக இருந்தது.

"அக்கே, வச்சீங்களா?"

"வச்சன்" என்றேன்.

"தேங்க்ஸ் அக்கே" என்றான். பிறகு என் வலது கையை இரண்டு கைகளாலும் எடுத்தான். குனிந்து அதைத் தன் நெற்றியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். சிநேகிதனைக் கடைசியாகத் தொட்ட கை என்று நினைத்தான். படத்துக்குச் சேலைத் தலைப்பைச் சரிசெய்த கை அது.