இறக்கத்தில் பிடி விட்ட கிளட்ச்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் கூலிம் வட்டாரத்தில் நான் பிரித்துப் பூட்டாத இன்ஜின் கிடையாது. பட்டறை, ஐந்து ஏக்கர் செம்பனைத் தோட்டம், எல்லாம் இந்தக் கை சம்பாதித்தவை. இந்தக் கை தப்புச் செய்ததும் உண்டு.

பாடாங் மேஹாவில் என் நிலம் மேட்டில் இருக்கிறது. செம்பனைப் பழக்குலை ஏற்ற வைத்திருக்கும் நாலு சக்கரக் காட்டு வண்டி மேட்டில் திணறியது. முன் கிளட்சில் கடினமான ஸ்பிரிங்கைப் போட்டேன். இனி இன்ஜின் நன்றாகச் சுற்றிய பிறகுதான் கிளட்ச் பெல்ட்டைப் பிடித்துச் சக்கரத்தைச் சுழற்றும். எடுத்த எடுப்பிலேயே இழுவை வரும். வந்தது. வண்டி ஆடு மாதிரி ஏறியது.

மேலே உதிரிப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம், "எந்தக் கம்பெனிக்காரன் குடுப்பான் இந்தப் பவர?" என்றேன்.

"பெருமைய அப்புறம் அடிச்சுக்கலாம், மழை வருது லா. குலைய ஏத்திக் கீழ எறக்குங்க."

இருபது குலைகளை ஏற்றினோம். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஈரச் செம்மண்ணில் சுமையோடு இறங்கும்போது நாங்கள் பிரேக்கை நம்புவதில்லை, டயர் வழுக்கும். எண்ணெய்ப் பெடலிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். எடுத்தேன். கொஞ்ச தூரம் பிடித்தது. வேகம் குறைந்ததும் கிளட்ச் விட்டுவிட்டது.

இன்ஜின் சாதுவாக ஓடிக்கொண்டிருக்க, வண்டி தன் பாட்டுக்குப் பாய்ந்தது. தாமதமாகப் பிடிக்கிற கிளட்ச் சீக்கிரமே விட்டும்விடும். ஏறுவதை மட்டும் யோசித்தவனுக்கு இறங்குவது நினைவிலேயே இல்லை.

பிரேக்கைத் தொட்டேன். வண்டியின் பின்பக்கம் அவள் இருந்த பக்கமாக விலகியது. அந்தப் பக்கம் பள்ளம். கீழே ஓடை.

வழி ஒன்றுதான். எண்ணெயை அமுக்கி, கிளட்சை மறுபடி பிடிக்க வைத்து, உடனே காலை எடுக்க வேண்டும். விழுகிற வண்டியில் எண்ணெய் அமுக்கக் கால் சம்மதிக்கவில்லை. கண்ணை மூடாத குறையாக அமுக்கினேன்.

"யோவ்! பைத்தியமாய்யா? எண்ணெய அமுக்குற!"

நாற்பது வருடத்தில் அவள் என்னை யோவ் என்றது அன்றுதான்.

பிடித்தது. வேகம் தணிந்ததும் விட்டது. மறுபடி அமுக்கினேன். மறுபடி பிடித்தது. அடிவாரச் சமதரையில் வண்டி நின்றபோது நான்கு குலைகள் வழியிலேயே உருண்டு போயிருந்தன.

அவள் இறங்கினாள். "உங்க பவர நீங்களே ஓட்டிக்கிட்டு வாங்க." நடந்தே போனாள்.

அன்றே பழைய ஸ்பிரிங்கைப் போட்டேன். இப்போது பத்துக் குலைதான் ஏற்றுகிறேன். வண்டி முனகிக்கொண்டே ஏறி, ஒழுங்காக இறங்குகிறது. ஆனாலும் இறங்கும்போது அவள் ஏறுவதில்லை. நானும் கூப்பிடுவதில்லை.