லுங்கியில் வரச் சொன்ன டீச்சரம்மா

அதெல்லாம் முடியாது டீச்சரம்மா. “அதுக்கு உங்களத் தெரியாது ஐயா, உங்க வேட்டியத்தான் தெரியும்” என்று நீங்கள் சொன்னதை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. வழக்கு பாதியில் நிற்கும்போது ஒரு கட்சிக்காரர் எழுந்து போய்விடுவது என்ன நியாயம்?

செய்தி வந்தபோது உழவர்கரை டீக்கடையில் பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தேன். டீச்சரம்மாவின் ஆராய்ச்சி மாணவி மாலதி போனில் கூப்பிட்டார். “ஐயா, மேடம் போயிட்டாங்க.” பன் ஊறி டீக்குள் விழுந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

நான் டீச்சரம்மா என்று கூப்பிடும் பேராசிரியர் தேன்மொழியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் இயந்திரங்களுக்குப் பார்க்கவும் நடக்கவும் கற்றுக்கொடுத்தவர். நானோ நாலாம் வகுப்போடு பள்ளிக்குக் கும்பிடு போட்டு, பஞ்சாலைக்குப் போய், அங்கே ஒரு விபத்தில் இடது காலை இழுத்து நடக்கப் பழகியவன். எங்களைச் சேர்த்து வைத்தது பாண்டிச்சேரிக் கடற்கரைச் சாலை.

வண்டிகள் வராத விடியற்காலையில் நாலு கால் இயந்திரம் ஒன்றை அங்கே அழைத்து வருவார். கன்றுக்குட்டி உயரம், முகத்தில் இரண்டு கேமரா. கண் தெரியாதவர்களைக் கூட்டத்தில் மோதாமல் கூட்டிப் போக அதைப் பழக்கிக்கொண்டிருந்தார். முதல் நாள் நான் மரியாதையாக ஒதுங்கினேன்.

“ஒதுங்காதீங்க ஐயா. உங்க இஷ்டத்துக்கு நடங்க. மோதாமப் போனா அதுக்கு மார்க்கு. மோதுனா மார்க்கக் கொறைப்போம். அப்படியே கத்துக்கும்.”

“எங்க வாத்தியாரும் இதத்தாம்மா செஞ்சாரு. மார்க்குக்குப் பதிலா பெரம்பு.”

இஷ்டத்துக்கு நடக்கச் சொன்னால் விடுவேனா? அதற்கு ‘முசியே’ என்று, பிரெஞ்சுக்காரர் காலத்தில் ‘ஐயா’ என்பதற்குச் சொன்ன மரியாதையோடு பெயர் வைத்தேன். நான் எப்போதும் வெள்ளை வேட்டிதான். அது எதிரே வரும்போது இடப்பக்கம் தோளைக் காட்டி, வலப்பக்கம் பாய்வேன். முசியே திகைத்து நிற்கும். தினமும் இதுதான் எங்கள் விளையாட்டு.

ஒருநாள் திட்டத்தைப் பார்வையிடப் பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி. முசியே அவர் முன்னால் போய்ச் சாமி முன்னால் நிற்பதுபோல் நின்றுவிட்டது. அவர் இந்தப் பக்கம் போனார், நின்றது. அந்தப் பக்கம் போனார், அப்போதும் நின்றது. கூட வந்தவர்களுக்கு முகம் வெளுத்தது. டீச்சரம்மா மட்டும் சிரித்துச் சிரித்துக் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

“ஐயா, வேட்டி கட்டுனவங்க எல்லாம் ஏமாத்துவாங்கன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்துட்டீங்க!”

“பாண்டிச்சேரியில அது பாதி உண்மைதானம்மா.”

அன்றுதான் வழக்கு தொடங்கியது. என்னை அடையாளம் தெரிந்துதான் என் முன்னால் அது நிற்கிறது என்றேன் நான். வேட்டியைப் பார்த்து என்றார் அவர்.

ஒரு விடியலில், கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகக் கிடந்தபோது, இராத்திரியில் முசியே என்ன செய்யும் என்று கேட்டேன்.

“கம்ப்யூட்டருக்குள்ள இதே மாதிரி ஒரு பொய் பீச் ரோடு போட்டிருக்கோம். ராத்திரி முழுக்க அதுல நடந்து பழகும்.”

“கனவுன்னு சொல்லுங்க.”

அலையைப் பார்த்தபடியே சொன்னார். “சொல்லலாம் ஐயா.”

“நான் வருவேனா அதுல?”

“வருவீங்க, வேட்டியோட. நானும் இருக்கேன், ஓரமா நடந்துகிட்டு.”

அதன்பிறகு அவர் வருவது நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒருமுறை பேசினார். குரல் மெலிந்திருந்தாலும் குறும்பு மெலியவில்லை. “நான் வந்ததும் தீர்ப்பு சொல்லிடலாம். ஒருநாள் லுங்கியில வாங்க. அப்பவும் நின்னா நீங்க ஜெயிச்சீங்க.”

அவர் வரவில்லை. நேற்று விடியலில் அதே சுவரில் அவருடைய படத்தை வைத்துப் பூப் போட்டார்கள். எல்லோரும் வெள்ளையில் வந்திருந்தார்கள். நான் நீலக் கட்டம் போட்ட லுங்கியில் போனேன். தினமும் கூட நடக்கும் கோவிந்தன் சீறினான்.

“என்னய்யா இது? துக்கத்துக்கு வர்ற கோலமா?”

“அவங்கதாய்யா கட்டிட்டு வரச் சொன்னாங்க.”

மாலதி முசியேவை நடக்கவிட்டார். பனிமூட்டத்தில், தூக்கத்தில் நடப்பதுபோல் அது வந்தது. புதிதாய்ப் பழக்கியிருந்தார்கள் போல. வேட்டிகளைத் தாண்டி நிற்காமல் வந்தது. நான் தோளைக் காட்டவில்லை, பாயவில்லை. காலை இழுத்துக்கொண்டு நேரே நடந்தேன். கொஞ்ச தூரத்திலேயே வேகத்தைக் குறைத்தது. என் எதிரே வந்து நின்றது.

“உங்க நடையப் பாத்திருக்கும் ஐயா,” என்றார் மாலதி மெதுவாக. “வேற ஒண்ணுமில்ல.” டீச்சரம்மா பேசியதுபோலவே இருந்தது.

நடை வேறு, நான் வேறா?

ஆனால் ஜெயித்ததை யாரிடம் போய்ச் சொல்லிக் காட்டுவது? படத்தில் சிரிக்கிறவர் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசமாட்டார். ஓரமாகக் காலை நகர்த்தி, முசியேவின் முகத்துக்கு நேரே குனிந்தேன்.

“முசியே, இன்னிக்கு ராத்திரி அந்தப் பொய் ரோட்டுல டீச்சரம்மா ஓரமா வருவாங்க. இந்த ஆறுமுகம் ஜெயிச்சிட்டான்னு சொல்லு. இல்ல, வேணாம். அவங்களே ஜெயிச்சாங்கன்னு சொல்லு. வழக்கு முடிஞ்சுபோச்சு, நிம்மதியா நடங்கன்னு சொல்லு. அப்புறம் இன்னொண்ணு...”

நான் நகர்ந்ததில் வழி கிடைத்துவிட்டது. அவர் பழக்கியபடியே, என் மேல் உரசாமல் சுற்றிக்கொண்டு, முசியே பனிக்குள் நடந்து போய்விட்டது.