நாலாம் மாடியில் மடு மண்

இந்த நாட்டில் பிள்ளை கம்பஸுக்குப் போகுமுன் பெற்றோரையும் கூட்டிப்போய்க் கட்டில், குளியலறை, அடுப்பு எல்லாம் திறந்து காட்டுகிறார்கள். ஓபன் டே என்று பெயர். வாடகைக்கு வீடு பார்க்க வந்தவள் போல நானும் மகள் ஜெனிற்றாவின் பின்னால் படியேறினேன். நாங்கள் இருப்பது லண்டனில். இது கிளாஸ்கோ, ஐந்து மணித்தியால ரயில் தூரம். வந்து இறங்கியதிலிருந்து மழை. மன்னாரில் எங்கள் ஊரான கீரியில் இப்படிப் பெய்தால் ஊரே வாசலில் நின்று பார்க்கும். இங்கே ஒருத்தரும் குடைகூட விரிக்கவில்லை. மூன்று நாளில் இது மூன்றாவது கம்பஸ். முதல் இரண்டுக்கும் நான் ஏதேதோ குறை சொல்லித் தப்பிவிட்டேன். இதைப் பார்த்ததும் மகளின் முகம் மலர்ந்தது. நான் சுவரில் எங்கேயாவது ஈரம் ஊறியிருக்கிறதா என்று தேடத் தொடங்கினேன்.

நான் பேராதனைக்குப் படிக்கப் போனபோது எவரும் எதையும் காட்டவில்லை. அப்பா மன்னாரில் பஸ் ஏற்றிவிட்டார், அவ்வளவுதான். அம்மா மட்டும் ஒரு துண்டுக் கடதாசியில் மடு மாதா கோயில் மண்ணை மடித்துத் தந்தா. அந்த மண் கிடக்கும் இடத்தில் பாம்பு அண்டாது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. ஹொஸ்டலில் அறையின் நாலு மூலைக்கும் போட்டுவிட்டுத்தான் படுத்தேன்.

வழிகாட்ட வந்த மாணவி, காட்டுவதற்கென்று வைத்திருந்த அறையொன்றைத் திறந்துவிட்டு, மற்றவர்களைச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். நான் அம்மாவைப் போலவே மடித்துக் கைப்பையில் கொண்டுவந்திருந்த மடு மண் பொட்டலத்தை எடுத்தேன். நாலாம் மாடிக்குப் பாம்பு லிஃப்டிலா வரும் என்று மன்னாரில் இருந்து வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கோ. அது அவளுக்குக் கிடைக்கப்போகும் அறையும் இல்லை. அவள் இங்கே வரக்கூடாது என்று மனம் சொல்ல, கை தன்பாட்டில் மண் தூவியது. மூன்றாவது மூலையில் குனிந்து நிற்கும்போது மாணவி திரும்பி வந்துவிட்டாள்.

“அது என்ன தூள்?”

“பாம்புக்கு” என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். அவள் வெளிறிப்போய்க் காவலாளியை அழைத்தாள்.

அவர் பொட்டலத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு சமையலறையிலிருந்து ஓடிவந்த ஜெனிற்றாவின் பெயரைக் கேட்டு எழுதத் தொடங்கினார்.

“அம்மா, என்ன வேலை பாத்தனீங்கள்? இனி எனக்கு இடம் தருவினமோ?” ஜெனிற்றாவின் கண் நிரம்பிவிட்டது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: தராவிட்டால் நல்லதுதானே என்று ஒரு கணம் நினைத்தேன். பிள்ளை என்னோடேயே இருந்துவிடும். பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது!

எனக்கொன்றும் தெரியாது என்று அவள் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இது எங்கள் கோயில் மண், எனக்குக் காவலாக அம்மா போட்டது என்று நிதானமாக விளங்கப்படுத்தினாள். காவலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். எழுதிய தாளைக் கிழித்தார். கூட்டி அள்ளிக்கொண்டு போகச் சொன்னார்.

ஜெனிற்றாவின் கைக்குள் அள்ளினோம். மாதாவின் மண்ணைக் குப்பைத் தொட்டியில் போட மனம் வருமா? வெளியே மழையில் நின்று கைப்பையைத் திறந்து நீட்டினேன்.

“இதுக்குள்ள போடு பிள்ளை. வீட்டை கொண்டுபோவம்.”

“வேண்டாமம்மா. நான் இஞ்சதானே இருக்கப்போறன்.”

வாசலில் நின்ற மரத்தடியில் அதைக் கொட்டிவிட்டுக் கையைத் தட்டினாள். எனக்குப் பையை மூடத் தோன்றவில்லை. மழை உள்ளே விழுந்துகொண்டிருந்தது.