வரிசைத் தட்டில் மண்புழு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தபோது மாமா சவரம் செய்துகொண்டிருந்தார். கதவைத் திறந்தேன். கீழ்வீட்டு அம்மா பட்டுப்புடவையில் நின்றிருந்தார். அன்று அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம்.

"ஸ்வல்ப கீழ வந்து பாருங்க. உங்க வீட்டுப் புழு எங்க பால்கனி பூரா ஊருது." கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்; குரலை உயர்த்தவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்டிருந்தார்கள்.

மாமா என்றால் என் மாமனார். அரசுப் பணியில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தொம்மலூரில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்த பிறகு, பால்கனியில் ஒரு நீல டிரம்மில் மண்புழு வளர்த்தார். காய்கறித் தோலைப் பொடியாக நறுக்கிக் காய்ந்த இலையோடு கலந்து போடுவார். எலுமிச்சைத் தோல் மட்டும் ஆகாது. கட்டடத்தில் பாதிப் பேரின் பூந்தொட்டிகளுக்கு அவர் தந்த உரம்தான். "வாசனையே இல்ல பாரும்மா" என்று ஒரு பிடி அள்ளி என் மூக்கருகே நீட்டுவார்.

முந்தைய நாள் பெய்த மழையில் சாரல் டிரம்முக்குள் இறங்கியிருக்கிறது. அடியில் இருந்த குழாய் அடைத்துக்கொண்டு தண்ணீர் வடியவில்லை. மூச்சு முட்டிய புழுக்கள் மேலேறி வெளியே வந்து, மழைநீர் போகும் துளை வழியாகக் கீழ்வீட்டுப் பால்கனியில் விழுந்திருந்தன. அங்கேதான் வரிசைத் தட்டுகளை அடுக்கியிருந்தார்கள்.

மாமா துண்டால் முகத்தை அவசரமாகத் துடைத்துக்கொண்டு இறங்கினார். காதோரம் சோப்பு நுரை அப்படியே இருந்தது. விருந்தாளிகள் நிறைந்த கூடத்தைக் கடந்துதான் பால்கனிக்குப் போக வேண்டும். மண்டியிட்டு, வெற்றிலை மேலிருந்தும் ஆப்பிள் இடுக்கிலிருந்தும் ஒவ்வொரு புழுவாக எடுத்து ஈரத்தாளில் வைத்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினேன். யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள். "மேல்வீட்டுத் தாத்தா, புழு வளர்க்கிறாராம்" என்று ஒரு குரல். பின்னாலேயே சிரிப்பு. எனக்குத் தலை நிமிரவில்லை.

என் கணவர் பால்கனி வாசலில் வந்து நின்றார். "அப்பா, போதும், வாங்க. பெருக்கித் தள்ளிடுவாங்க."

"செத்துடும்பா" என்றார் மாமா, திரும்பாமல். அவர் காது மடல்கள் சிவந்திருந்தன.

எல்லாவற்றையும் எடுத்து முடித்ததும் கூடத்தின் நடுவில் நின்று, மண் ஒட்டிய கைகளைக் கூப்பினார். "மன்னிக்கணும்." மாப்பிள்ளையின் அப்பா "பரவாயில்லைங்க" என்றார். சொல்லும்போதே காலை உள்ளே இழுத்துக்கொண்டார். மாமா அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை நானும் பார்த்தேன்.

அதன்பிறகு அவர் லிஃப்டில் போவதை விட்டுவிட்டார். மாடிப்படியில் ஆள் அரவம் கேட்டால் அது ஓய்கிறவரை கதவுக்குப் பின்னால் காத்திருப்பார். கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் அந்தப் பெண்ணே மேலே வந்தாள்.

"அங்கிள், எனக்குக் கொஞ்சம் புழு குடுங்க. அங்க போய் நானும் வளர்க்கிறேன்."

"வேணாம்மா. போற வீட்ல உனக்குப் பேச்சு வரும்."

அவள் எவ்வளவோ கேட்டும் தரவில்லை. அவர் குளிக்கப் போன நேரத்தில் ஒரு டப்பாவில் கொஞ்சம் அள்ளி, படிக்கட்டில் வைத்து அவளிடம் கொடுத்தேன். அந்த வாரமே மாமா டிரம்மை ஒரு நர்சரிக்கு அனுப்பிவிட்டார். இப்போது எங்கள் பால்கனியில் துணிதான் காய்கிறது.

போன மாதம் அவள் ஒரு படம் அனுப்பினாள். உள்ளங்கை நிறையக் கருப்பு உரம், அதில் நெளியும் இரண்டு புழுக்கள். மாமாவிடம் காட்டி, நான் கொடுத்ததையும் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். கோபப்படவில்லை. போனைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டார்.

"அங்க யாரும் அவளை ஒண்ணும் சொல்லலையாம்மா?"