உடம்பைப் பேசாத பேராசிரியை

பாடத்தின் நடுவிலேயே எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பார். புழுதி வரும், பேருந்துச் சத்தம் வரும், வரட்டும். கைக்குட்டையால் கழுத்தை ஒற்றிக்கொண்டே, விட்ட வாக்கியத்தைப் பிடித்துக்கொள்வார். மாணவிகள் வைத்த பெயர் ஜன்னலம்மா.

பாடம், பெண்ணியக் கோட்பாடு. "உடம்பக் காட்டித்தான் நம்மள அடுப்படியில உக்கார வச்சாங்க. அந்தப் பேச்சே வேண்டாம், மூளையப் பத்திப் பேசுங்க" என்பார். மாதவிலக்கு நாளில் விடுப்பு கேட்டு வந்த மாணவிகளையும் முகத்திலடித்தாற்போல் திருப்பி அனுப்பினார். "இன்னைக்கு லீவு குடுப்பான். நாளைக்கு அதையே சாக்கா வச்சு வேலை இல்லேம்பான்."

அதே கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கும் தங்கைக்கு இதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். "வலிக்குதுன்னு சொல்றதுல என்னக்கா கேவலம்? ஆம்பள உடம்புதான் உடம்பு, நம்மளது கோளாறுன்னு நீயே ஒத்துக்கிற மாதிரியில்ல இருக்கு!" சாப்பாட்டு மேசையில் இருவரும் முட்டிக்கொள்வார்கள். அப்புறம் ஒருவர் தட்டிலிருந்து மற்றவர் எடுத்துச் சாப்பிடுவார்கள்.

மாதவிடாய் நிற்கும் காலம் வந்து, நினைத்த நேரத்தில் உடம்பு கொதிப்பதை அக்கா தங்கையிடம்கூட வாய் திறந்து சொல்லவில்லை. தங்கைக்குத் தெரியாதா என்ன! துறைத்தலைவர் பதவிக்கு அடுத்து நிற்பவர் அக்காதான். உடம்பைச் சொன்னால் போச்சு, அந்த நாற்காலி கைநழுவிவிடும் என்ற பயம்.

சொல்லாமலிருந்து மட்டும் என்ன வாழ்ந்தது? தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் அவருக்கு நெற்றி வேர்த்ததும், ஓய்வுபெறப்போகும் தலைவர் தேன் ஒழுகப் பேசினார்: "இந்த வயசுல மேடத்துக்கு எதுக்கு இந்தச் சுமை? பாருங்க, எப்படி வேர்க்குதுன்னு. நிம்மதியா இருக்கட்டுமே." ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று என்று மாத்திரைகளை மேசைமேல் பரப்பி விழுங்கிக்கொண்டே துறையை ஆண்ட மனிதர் பேசுகிற பேச்சா இது? வயிறு எரியாதா? சுற்றியிருந்த ஆண்களோ ரொம்ப அக்கறையாகத் தலையாட்டினார்கள்.

ஜன்னலம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"எனக்குப் பீரியட்ஸ் நிக்கிற வயசு சார். அதான் வேர்க்குது. வேர்த்துக்கிட்டே வேலை பாப்பேன். உங்க சுகர் மாத்திரையப் பாத்து யாராவது உங்கள வீட்டுக்குப் போகச் சொன்னோமா?"

யாரோ இருமினார்கள். தலைவர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து வெளியே போனார்.

ஜன்னலம்மா எழுந்தார். தலைவருடைய நாற்காலியைத் தரை கீச்சிட இழுத்துவந்து, மின்விசிறிக்கு நேர் கீழே போட்டு, உட்கார்ந்தார்.