பூவரசம் இலைக்குள் வடை

கொரோனா போய்க் கனகாலமாகிவிட்டது. ஆனால் சுன்னாகத்தில் என் மகனுடைய தேநீர்க்கடை வாசலில் அந்தக் கைகழுவும் மருந்துப் போத்தல் இன்னும் தொங்குகிறது. போன கிழமை உள்ளே நுழைந்தபோது என் கையிலும் பீச்சிவிட்டார்கள். முதலாளியைப் பெற்றவள் என்றும் பார்க்கவில்லை. வடையெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள். கையுறை போட்ட ஒருவர் ஒன்றை இடுக்கியால் தூக்கிக் கடதாசிப் பையில் போட்டுத் தந்தார். வடையின் சூட்டில் அந்தப் பை வேர்த்து ஒரு மணம் வந்தது பாருங்கள், எனக்கு உடனே பூவரசம் இலை நினைவுக்கு வந்துவிட்டது. கடதாசிக்கும் பூவரசுக்கும் என்ன சொந்தம் என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் ஊர்த் தேநீர்க்கடைகளில் முன்பு ஒரு வழக்கம் இருந்தது. நீங்கள் போய் உட்கார்ந்தால் ஒன்றும் கேட்கமாட்டார்கள். வடை, வாய்ப்பன், சுசியம் எல்லாம் குவித்த தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிடுவார்கள். வேண்டியதைச் சாப்பிடலாம். மிச்சம் அப்படியே பக்கத்து மேசைக்குப் போகும். எழும்பிப் போகும்போது காசு போடும் மேசை லாச்சிக்குப் பக்கத்தில் இருப்பவர், "என்ன சாப்பிட்டனியள்?" என்று கேட்பார். நீங்கள் வாயால் சொல்வதுதான் கணக்கு. முன்னால் இருந்தவர் அமுக்கிப் பார்த்துவிட்டு வைத்த வாய்ப்பனைத்தான் நாங்கள் எல்லோரும் தின்று வளர்ந்தோம். வாய்ப்பனை அமுக்கிப் பார்க்காமல் எடுத்த மனிதரை நான் இன்றுவரை கண்டதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கலியாணம் முடித்த கையோடு, என் கணவர் சந்தைக்குப் பக்கத்தில் அப்படி ஒரு கடை திறந்தார். திறப்பதற்கு நல்ல காலம் பார்த்தோம் போங்கள். சண்டையால் மின்சாரம் இல்லை. குளிக்கிற சவர்க்காரத்தை நகைபோலப் பொத்தி வைத்திருந்தோம். சீனி கிடைக்காததால் சனம் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தது. அவருடைய அண்ணன்மார் எல்லோரும் வெளிநாடு போய்விட்டார்கள். இவரையும் வா வா என்று கூப்பிட்டபடி இருந்தார்கள். "கடை ஓடினால் நிப்பன். ஓடாட்டில் கிளாலிக் கடலாலை போறன்," என்று கலியாணத்துக்கு முதலே சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற அப்போது அந்தக் கடல்தான் வழி. இரவில் வள்ளத்தில் அதைக் கடக்கப் போனவர்களில் மறுகரை சேராதவர்களும் இருந்தார்கள். ஆகவே கடையின் பின்பக்கத்தில் நான் வடை சுட்டேன் என்றா நினைக்கிறீர்கள்? என் மனுசனைக் கட்டிவைக்கக் கயிறு திரித்துக்கொண்டிருந்தேன்.

கடை ஓடத் தொடங்கியதும் ஊரில் வயிற்றோட்டம் பரவியது. இடம்பெயர்ந்து வந்த சனத்தால் பள்ளிக்கூடங்கள் நிரம்பியிருந்தன. ஒரே கிணற்றில் ஊர் முழுக்கத் தண்ணீர் அள்ளியது. ஒருநாள் சுகாதாரப் பரிசோதகர் சைக்கிளில் வந்து இறங்கினார். நல்ல மனிதர், ஆனால் கண்டிப்பு.

"தம்பி, ஒரு மேசைக்குப் போன தட்டு மற்ற மேசைக்குப் போகப்படாது. போனால் கடையைப் பூட்டவேண்டி வரும்."

என் கணவர் இடிந்துபோனார். எத்தனை வேண்டும் என்று கேட்டுக் கொடுக்கலாமே என்றேன்.

"என்ன கதை கதைக்கிறீர்? வீட்டுக்கு வந்த ஆளிட்டை எவ்வளவு தின்னுவாய் எண்டு கேக்கிறதோ?"

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வடையை இலைக்குள் வைத்தால் என்ன? பிரித்தவர் சாப்பிடட்டும். பிரிக்காதது அடுத்த மேசைக்குச் சுத்தமாகவே போகும். விடிந்தும் விடியாமலும் எங்கள் பூவரசு வேலியில் ஏறி இலை பறித்தேன். புதுப்பெண் வேலியில் தொங்குவதைப் பார்க்க, தெருவால் போனவர்கள் சைக்கிளை மெதுவாக்கினார்கள். ஒவ்வொரு வடையையும் வாய்ப்பனையும் இலையில் சுற்றி ஈர்க்கால் குத்தினேன். முதல் சட்டி வடையைச் சுடச்சுடச் சுற்றியதில் அது வேர்த்துத் துவண்டுபோனது. ஆறவிட்டுச் சுற்றவேண்டும் என்ற அறிவு அதற்குப் பிறகுதான் வந்தது. பரிசோதகர் ஒன்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, "கெட்டிக்காரி," என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷப் புளுகம் மத்தியானம் வரைக்கும்தான். சந்தைக்கு வெங்காயம் கொண்டுவரும் கந்தையர் அன்றும் வந்து வழக்கம்போல் சாப்பிட்டார். பிறகு தன் முன்னால் கிடந்த வெறும் இலைகளைப் பார்த்தார். எழும்பி லாச்சியடிக்கு வந்தார். என் கணவர், "என்ன சாப்பிட்டனியள்?" என்று கேட்டார்.

"இனி என்னட்டை ஏன் கேக்கிறாய் தம்பி? இலையை எண்ணிப் பாரன். அதுக்குத்தானே இந்தச் சோடினை?"

மற்ற மேசைக்காரரும் தங்கள் முன்னால் கிடந்த இலைகளைப் பார்த்தார்கள். அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் சுட்டது. எனக்கு நிலம் பிளந்து விழுங்கினால் போதும் என்றிருந்தது. கிருமியைத்தான் நினைத்தோமே தவிர, எண்ணுவது கனவிலும் எங்களுக்கு வரவில்லை. அதை யார் நம்புவார்கள்? அடுத்த நாள் சனம் உட்காரும் வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன.

"பாத்தீரோ? இது சரிவராது. வாற கிழமை கிளாலியாலை போற ஆக்களோடை நானும் போறன்."

"இஞ்சாருங்கோ, இன்னும் ஒரு நாள் பொறுங்கோ," என்றேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. பயத்தில் சொன்ன வார்த்தை அது.

மறுநாள் கடையின் நடுவில் பெரிய பனையோலைக் கடகம் ஒன்றை வைத்தேன். வந்த சிலரிடம், "எங்கடை ஆட்டுக்குக் குழை இல்லை. சாப்பிட்ட கையோடை இலையை இதுக்குள்ளை போட்டுவிடுங்கோ," என்றேன். எங்களிடம் ஆடே இல்லை. எல்லோருடைய இலையும் ஒரே கடகத்தில் கலந்துவிட்டால் யார் எதைத் தின்றார் என்று கடவுளாலும் எண்ண முடியாது. என் கணவருக்கு விளங்கிவிட்டது. அவர் தான் இருக்கும் கதிரையை மேசைகளுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டார்.

எப்படியோ கேள்விப்பட்டுக் கந்தையர் வந்தார். சாப்பிட்டார். கடகத்தைப் பார்த்தார், திரும்பியிருந்த கதிரையைப் பார்த்தார், இலைகளைக் கசக்கி உள்ளே போட்டார். என் கணவர் கேட்டார். கந்தையர் சந்தைக்கே கேட்கிற குரலில் சொன்னார்:

"மூண்டு வடை, ஒரு வாய்ப்பன், ஒரு பிளேன்ரீ. எழுது தம்பி."

பின்பக்கத்தில் மாக் கையோடு நான் துள்ளிய துள்ளலில் எண்ணெய்ச் சட்டி கவிழப் பார்த்தது. என் மனுசன் நிற்பார், இனி நிற்பார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகு பிடித்தது பாருங்கள் ஒரு பரபரப்பு. தெருவில் உள்ள கடை எல்லாம் இலைக்கு மாறியது. வேலிகள் மொட்டையாகின. "உங்கடை வடையாலை எனக்குக் கிணத்தடியிலை குளிக்கேலாமல் கிடக்கு," என்று பக்கத்து வீட்டு மாமி சண்டைக்கு வந்தார். கந்தையர் வரும்போதெல்லாம் ஆட்டைச் சுகம் விசாரித்ததால் கடைசியில் ஒரு ஆடும் வாங்கவேண்டியதாயிற்று. அந்தச் சனியன் எண்ணெய் பட்ட இலையை மணந்துகூடப் பார்க்கவில்லை.

வயிற்றோட்டம் அடங்கிய பிறகும் இலை போகவில்லை. வெறும் வடையைத் தொடச் சனத்துக்கு அருவருப்பு வந்துவிட்டது. தொண்ணூற்றைந்தில் ஆமி வருகுதென்று எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது நாங்களும் நடந்தோம். திரும்பி வந்தபோது கடைக்குக் கதவும் இல்லை, மேசையும் இல்லை. மறுபடி தொடங்கினோம். தட்டும் கடகமும் அந்தக் கேள்வியும் கொரோனா வரும்வரை இருந்தன.

இப்போது கடை மகனுடைய கையில். பில் மெசின் பூட்டியிருக்கிறான். வடையை எடுத்த உடனேயே கணக்குத் துண்டு வந்துவிடும். சுத்தம், விரைவு, அவனில் பிழை சொல்லமாட்டேன். என் கணவர் கொஞ்ச நாள் பழக்கத்தில் லாச்சியடியில் போய் இருந்தார். ஒருநாள் ஒரு பெடியன் எழும்பி வர, இவர் ஆசையாக, "என்ன சாப்பிட்டனீர்?" என்று கேட்டிருக்கிறார். அவன் காதில் போனோடு, துண்டையும் காசையும் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அன்றிலிருந்து இவர் கடைக்குப் போவதில்லை. "எனக்கு அங்கை என்ன வேலை?" என்கிறார். கடல் தாண்டப் போனவரை மறித்து வைத்தவள் நான். இப்போது அவரை வீட்டுப் படலை தாண்ட வைக்க என்னால் முடியவில்லை.